ரெண்டு பேரும் வலது பக்கமே பார்க்கிறார்கள்: தோசை சாப்பிடும் சீனில் லுக் எங்கே தப்பியது?

கேட்டவர் · 12 ஜூன், இரவு 9.50

குறும்படம். சாப்பாட்டு மேசை சீன். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டபடி பேசுகிறார்கள். பாதியில் அம்மா அடுப்படியிலிருந்து வந்து தோசை வைக்கிறார், பிறகு மூன்று பேரும் பேசுகிறார்கள். மாஸ்டரை, அதாவது சீன் முழுவதும் தெரியும் ஷாட்டை, ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்தோம்: அண்ணன் பிரேமில் இடது, தங்கை வலது. அண்ணனின் குளோஸும் (முகத்தை நெருக்கமாகக் காட்டும் ஷாட்) ஜன்னல் பக்கத்திலிருந்துதான். தங்கையின் குளோஸுக்கு அங்கே ஸ்டாண்ட் வைக்க இடமில்லை, அதனால் அடுப்படிப் பக்கம் போய் அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். எடிட்டில் ஒட்டினால் ரெண்டு பேரும் வலது பக்கமே பார்க்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுகிற மாதிரியே இல்லை.

180 டிகிரி விதி தெரியும். ஆனால் மாஸ்டர் எடுத்த இடத்திலிருந்து கேமரா 130 டிகிரிதான் நகர்ந்திருக்கிறது. 180ஐத் தாண்டவே இல்லையே? தங்கை ஷாட்டை இடவலமாக ப்ளிப் பண்ணினால் சரியாகிவிடுமா?

பதில் சொல்பவர் (பெயர் இல்லாமல் நேரம் மட்டும் உள்ள பதிவுகள் எல்லாம் இவருடையவை) · 12 ஜூன், இரவு 11.15

கேமரா எத்தனை டிகிரி நகர்ந்தது என்பது இங்கே கணக்கே இல்லை. அண்ணன் கண்ணிலிருந்து தங்கை கண்ணுக்கு ஒரு நூல் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஷூட்டிங்கில் இமேஜினரி லைன் என்பது அந்த நூலைத்தான். நூலுக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் அரை வட்டம்தான் 180 டிகிரி. அந்த அரை வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள், லுக், அதாவது பிரேமில் பார்க்கும் திசை, அண்ணனுக்கு வலது, தங்கைக்கு இடது என்பது மாறாது. நூலை ஒட்டி நின்றுகொண்டு ஒரு சாண் அந்தப் பக்கம் போனாலே லுக் புரண்டுவிடும். உங்கள் கேமரா நூலைத் தாண்டி மறு அரை வட்டத்துக்குப் போயிருக்கிறது.

ஷூட்டிங்கில் அவசரத்தில் நூலைக் கற்பனை செய்வது சிரமம். காதைப் பாருங்கள். உங்கள் மாஸ்டரில் அண்ணனுக்கு வலது காது தெரியும், தங்கைக்கு இடது காது. குளோஸிலும் அதே காதுதான் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தங்கையின் குளோஸைத் திறந்து பாருங்கள், வலது காது தெரியும். தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும்.

சஜஷன் ஷாட்டுக்கு, அதாவது முன்னால் இருப்பவரின் தோளைச் சேர்த்து எடுப்பதற்கு, தோளை எண்ணுங்கள். தங்கையின் இடது தோள் வழியாக அண்ணனை எடுத்தால், அண்ணனின் வலது தோள் வழியாகத்தான் தங்கையை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தோள் வந்தால் லைன் தாண்டியாயிற்று.

12 ஜூன், இரவு 11.40

ப்ளிப் கேள்விக்கு: வேண்டாம். தங்கை தோசை சாப்பிடுகிறார். ப்ளிப் பண்ணினால் இடது கையால் சாப்பிடுவார். நம் ஊர்ப் பார்வையாளர் லுக் தப்பியதைக்கூட மன்னிப்பார், இதை முதல் விநாடியிலேயே கவனித்துவிடுவார். புடவை என்றால் மாராப்பு வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தி, வகிடு, கைக்கடிகாரம் எல்லாம் பக்கம் மாறும். பின்சுவரில் நாள்காட்டி இருந்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஓடும்.

13 ஜூன், காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் ஒட்டுகிறீர்கள் என்றால், படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. அகலம் 3840 பிக்சல், உங்களுக்குத் தேவை 1920. கையும் நாள்காட்டியும் வெளியே போகும்படி மோவாயிலிருந்து நெற்றி வரை இறுக்கி வெட்டி ப்ளிப் பண்ணினால், வாயில் உணவு போகாத இரண்டு மூன்று வசனங்களைத் தேற்றலாம்.

ஆனால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்குப் பக்கவாட்டில் ஜன்னல் இருந்தால், ஒருவருக்கு வெளிச்சம் பிரேமின் இடமிருந்தும் மற்றவருக்கு வலமிருந்தும் வரும். உங்கள் அண்ணனுக்கு இடமிருந்து வருகிறது. தங்கையின் அசல் ஷாட்டில் வலமிருந்து வருவது ப்ளிப் பண்ணியதும் இடமாகும். இருவர் முகத்திலும் ஒரே பக்கம் வெளிச்சம் விழும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும். அதோடு அண்ணனை ஜன்னல் பக்கமிருந்து எடுத்ததால் அவர் முகம் முழுக்க வெளிச்சம். தங்கையை எதிர்ப்பக்கமிருந்து எடுத்ததால் கேமரா பார்க்கும் கன்னம் நிழலில். கலர் கரெக்ஷனில் அந்த நிழலை ஏற்றினால் நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) மேலே வரும்.

எடிட்டர் ஒருவர் · 13 ஜூன், மதியம் 1.20

வேறு வழி இருக்கிறது. ரெண்டு பேரும் வலது பக்கம் பார்ப்பது பழுதாகத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய இடத்தில் அதை வைத்திருக்கிறீர்கள். அம்மா வந்த பிறகு வைத்துப் பாருங்கள். அண்ணன் வலது லுக், தங்கை வலது லுக், நடுவில் அம்மா இடது லுக்கில் ஒரு ஷாட். ரெண்டு பேரும் அம்மாவைப் பார்ப்பதாகத்தான் வாசிப்பு வரும். அம்மாவை ஜன்னல் பக்கமிருந்து தனியாக எடுத்திருப்பீர்கள், அதில் அவர் அண்ணனைப் பார்க்கும் துண்டு இடது லுக்கில்தான் இருக்கும். அதை எடுங்கள்.

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை இதேதான். நடிகர் மொசுகின் முகத்தின் ஒரே ஷாட்டை ஒரு சூப் தட்டுக்கும் சவப்பெட்டிக்கும் பெண்ணுக்கும் பக்கத்தில் ஒட்டினார். முகம் மாறவில்லை, அடுத்த ஷாட் மாறியதால் அந்தப் பார்வைக்குப் பசியும் துயரமும் ஆசையும் வந்து சேர்ந்தன. பார்வை எதன் மேல் விழுகிறது என்பதை அடுத்த ஷாட்தான் தீர்மானிக்கிறது. பேசாத துண்டுகளை, மெல்வது, கேட்பது, நிமிர்வது ஆகியவற்றை மட்டும் எடுங்கள். உதடு அசைந்தால் வசனம் மாட்டும்.

13 ஜூன், மாலை 6.30

எடிட்டர் சொன்னது வேலை செய்யும். உயரத்தை மட்டும் பாருங்கள். இருவரும் உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்ணைப் பார்த்தபடி எடுக்கப்பட்டவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 115 செ.மீ., நிற்கும் அம்மாவின் கண் 145, 150 செ.மீ. அம்மா நிற்கும் ஷாட்டோடு ஒட்டினால் பிள்ளைகள் அவர் முகத்துக்குக் கீழே பார்ப்பதுபோல் ஆகும். அம்மா குனிந்து தட்டில் தோசை வைக்கும் இடம் இருக்கிறதல்லவா, அப்போது அவர் கண்ணும் 115க்கு இறங்கும். அந்த ஒன்றரை விநாடியில் ஒட்டுங்கள்.

கேட்டவர் · 13 ஜூன், இரவு 10.10

காது சோதனை செய்தோம், சொன்னபடியே வலது காது! அந்த வீடு இன்னும் அரை நாள் கிடைக்கும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 50 எம்எம், 35 எம்எம் லென்ஸ். தங்கையின் குளோஸை மட்டும் திருப்பி எடுப்பதா? ஜன்னலோரம் 90 செ.மீ. இடம்தான் இருக்கிறது. 35 போட்டுச் சமாளிக்கலாமா?

14 ஜூன், காலை 6.45

சமாளிக்கலாம், ஆனால் மேட்ச் ஆகாது. கணக்கு இது: சென்சார் அகலத்தை லென்ஸ் எம்எம்-மால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். ஏபிஎஸ்-சி அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. 50 லென்ஸில் 1.5 மீட்டரிலிருந்து 70 செ.மீ. அகலம் பிடிக்கும், முகமும் தோளும். 35இல் அதே 70 செ.மீ. கிடைக்க 1.05 மீட்டருக்குப் போக வேண்டும். முக அளவு ஒன்றுதான், முகம் ஒன்றல்ல. கிட்டே போனால் மூக்கு முன்னால் வரும், காது பின்வாங்கும், பின்சுவரில் அதிகப் பரப்பு தெரியும். முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம்தான். அண்ணன் ஒரு தூரத்திலும் தங்கை ஒரு தூரத்திலும் இருந்தால் ஒருவர் நம் பக்கத்திலும் மற்றவர் தள்ளியும் இருப்பதாகப் படும். எதிரெதிர் குளோஸ்களில் லென்ஸ், தூரம், கேமரா உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். அண்ணன் ஷாட்டின் அளவுகளை டேப்பால் அளந்து எழுதி வைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இடம் வேண்டுமா, மேசையை நகர்த்துங்கள். சீட் (cheat) பண்ணுவது, அதாவது கேமராவை ஏமாற்றுவது, என்று ஷூட்டிங்கில் சொல்வது இதைத்தான். மேசையையும் நாற்காலிகளையும் இரண்டடி அடுப்படிப் பக்கம் தள்ளினால் 90 செ.மீ. ஒன்றரை மீட்டராகிவிடும். குளோஸில் மேசை நகர்ந்தது யாருக்கும் தெரியாது. பின்னால் தெரியும் நாற்காலியோ அலமாரியோ மாஸ்டரில் இருந்தபடி தலைக்குப் பின்னால் அதே இடத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்து, தேவையென்றால் அதையும் நகர்த்துங்கள்.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு: 50 லென்ஸில் 1.5 மீட்டரில் எஃப் 2 வைத்தால் போகஸ் ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் தூரம், ஏறத்தாழ 7 செ.மீ. சாப்பிடுபவர் ஒவ்வொரு வாய்க்கும் தட்டை நோக்கிக் குனிவார், அதிலேயே போகஸ் போய்விடும். எஃப் 4 வையுங்கள், 14 செ.மீ. கிடைக்கும்.

தங்கை பார்க்க வேண்டிய இடம்: அண்ணனாக நடித்தவர் கேமராவுக்கு இடது பக்கம், லென்ஸை ஒட்டி உட்காரட்டும். லென்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி அவர் கண் இருந்தால் போதும், 1.5 மீட்டரில் அது எட்டு ஒன்பது டிகிரி. இரண்டு கண்ணும் கேமராவுக்குத் தெரியும். அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் முகம் பக்கவாட்டாகும், பார்ப்பவர் விலகி நிற்பார். அவர் வர முடியவில்லை என்றால் ஸ்டாண்டில் 115 செ.மீ. உயரத்தில் கறுப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டுங்கள். ஒன்று சொல்லிவிடுங்கள்: நடிகர் எதிராளியின் ஒரு கண்ணை மட்டும் பார்க்க வேண்டும், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணை. இரண்டு கண்ணுக்கும் மாறி மாறிப் போனால் குளோஸில் விழி துடித்துக்கொண்டே இருக்கும்.

14 ஜூன், மாலை 4.20

காலையில் எழுதியதை மறுபடி யோசித்தேன். அரை நாள் கையில் இருக்கிறதென்றால் தங்கையின் ஷாட்டைத் திருப்பி எடுப்பதைவிட, மாஸ்டரையும் அண்ணனையும் அடுப்படிப் பக்கமிருந்து திருப்பி எடுப்பதே மேல். நீங்கள் தப்பென்று நினைக்கும் தங்கையின் ஷாட்தான் இந்தச் சீனில் நன்றாக வந்திருக்கும் ஒரே ஷாட்டாக இருக்கும்.

ஏனென்றால் ஜன்னல் பக்கமிருந்து எடுத்தால் வெளிச்சம் கேமராவின் முதுகுப் பக்கமிருந்து போய் முகத்தில் அப்புகிறது. முகம் தட்டையாகிறது. அடுப்படிப் பக்கமிருந்து எடுத்தால் வெளிச்சம் முகத்தின் மறுபக்கக் கன்னத்தில் விழும், கேமராவுக்குப் பக்கத்துக் கன்னம் நிழலாகும். மூக்கும் தாடையும் அப்போதுதான் எழும்பி வரும். நிழல் பக்கம் நின்று எடு என்று ஒளிப்பதிவில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நிழல் அதிகமானால் கேமரா பக்கத்தில் ஒரு தெர்மாகோலை நிறுத்தி எதிரொளி கொடுங்கள். அரை மீட்டர் கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளினால் இறுகும். மீட்டர் வேண்டியதில்லை, கண்ணால் வைத்துக்கொள்ளலாம்.

லைனைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, எல்லா ஷாட்டும் ஒரே பக்கம் என்பதே முக்கியம். அடுப்படிப் பக்கமிருந்து அண்ணன் பிரேமில் வலது, தங்கை இடது. எல்லாம் புரண்டு, ஒன்றோடு ஒன்று பொருந்தும். காலையில் சொன்ன தூரக் கணக்கும் உயரமும் அப்படியே இதற்கும்.

கேட்டவர் · 14 ஜூன், இரவு 8.00

அப்படியென்றால் அம்மா கேமராவுக்குப் பின்னாலிருந்து அல்லவா வருவார்? அவருக்கும் ரெண்டு பேருக்கும் நடுவில் புது லைன் வருமே?

14 ஜூன், இரவு 9.30

வரும். மூன்று பேர் என்றால் மூன்று நூல். ஆனால் மூன்றாவது ஆளை மேசைக்கு அந்தப் பக்கம், கேமராவுக்கு எதிரே நிறுத்திவிட்டால் மூன்று நூலும் கேமராவுக்கு முன்னாலேயே இருக்கும், ஒன்றையும் தாண்ட மாட்டீர்கள். அண்ணன் தங்கையைப் பார்த்தாலும் அம்மாவைப் பார்த்தாலும் ஒரே பக்க லுக். அம்மா அண்ணனைப் பார்த்தால் ஒரு பக்கம், தங்கையைப் பார்த்தால் மறுபக்கம், பார்ப்பவருக்கு யாரிடம் பேசுகிறார் என்பது சொல்லாமலே தெரியும். மூன்றாவது ஆள் கேமரா பக்கமே நின்றால்தான் அண்ணனுக்கு இரண்டு லுக் வந்து குழப்பம் தொடங்கும்.

அம்மா வரும் பாதை இப்படி: மாஸ்டரில் கேமராவை ஒட்டி பிரேமின் ஓரத்திலிருந்து தோசைத் தட்டோடு உள்ளே வரட்டும். முதலில் முதுகும் முந்தானையும் தெரியும். தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் சுற்றி ஜன்னல் பக்கம் போய் நம்மைப் பார்த்துத் திரும்பட்டும். ஒரே ஷாட்டில் பார்ப்பவர் அவரோடு நடந்து அறையைத் தெரிந்துகொள்வார்.

ஜன்னலுக்கு நேர் முன்னால் நிறுத்த வேண்டாம், முகம் கறுத்துவிடும். ஒரு முழம் தள்ளி, சுவரோரம். முகத்துக்கு எதிரொளி போதவில்லை என்றால் வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துக் கேமராவுக்கு மேலே கட்டி அதில் விளக்கை அடியுங்கள். 1956இல் வந்த சத்யஜித் ராயின் அபராஜிதோ படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டபோது, மேலே வெள்ளைத் துணி விரித்துக் கீழிருந்து அதில் ஒளி அடித்துத்தான் வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார்.

14 ஜூன், இரவு 9.45

விட்டுப்போனது: ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் ட்யூப்லைட்டிலும் மலிவான எல்ஈடி-யிலும் பட்டை பட்டையாக ஓடும். விநாடிக்கு 25 பிரேமில் எடுத்தால் 1/50 என்பது சரியாக 180 டிகிரி ஷட்டர் (ஒரு பிரேம் நேரத்தில் பாதி திறந்திருப்பது, லைன் விதியின் 180 அல்ல), 24இல் 172.8 டிகிரி, கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. முன்பு எத்தனை பிரேமில் எடுத்தீர்களோ அதிலேயே எடுங்கள். 25ஐ 24 டைம்லைனில் போட்டால் விநாடிக்கு ஒரு பிரேம் உதிரும், அம்மா நடக்கும்போது துள்ளல் தெரியும்.

கேட்டவர் · 15 ஜூன், காலை 10.15

எங்கள் டீமில் ஒருவர் கேட்கிறார்: ஜப்பானிய இயக்குநர் ஓசு படங்களில் ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பார்க்கிறார்கள், அதை யாரும் தப்பு என்பதில்லையே?

15 ஜூன், மதியம் 12.40

நல்ல கேள்வி. யாசுஜிரோ ஓசு கோட்டைத் தாண்டுவார், எதிரெதிரே பேசும் இருவரும் லென்ஸின் ஒரே பக்கம் பார்ப்பார்கள். ஆனால் அதற்கு என்னென்ன செய்தார் என்று பாருங்கள். தரைக்குப் பக்கத்தில், தாழ்ந்த உயரத்தில் கேமரா, பின்னாளில் ஏறத்தாழ எல்லா ஷாட்டுக்கும் 50 எம்எம். நடிகர்களின் பார்வை லென்ஸுக்கு வெகு அருகில். வெட்டும்போது ஒருவர் தலை இருந்த இடத்திலேயே, அதே அளவில், அடுத்தவர் தலை வந்து உட்காரும். படம் முழுக்க அப்படித்தான். முதல் பத்து நிமிடத்தில் பார்ப்பவர் கண் அந்த இலக்கணத்தைக் கற்றுக்கொண்டுவிடும். உங்கள் படத்தில் மற்ற எல்லாச் சீனும் ஒரு இலக்கணத்தில் இருக்க, இந்த ஒரு ஷாட் மட்டும் வேறாக இருக்கிறது. அதுதான் இடறுகிறது.

நீங்களே லைனைத் தாண்ட நினைத்தால், ஷாட்டுக்குள்ளேயே தாண்டுங்கள். கேமரா நகர்ந்து மறுபக்கம் போகலாம், நடிகர் எழுந்து இடம் மாறலாம். அல்லது நடுவில் நூலின் மேலேயே நின்று எடுத்த நேர் ஷாட் ஒன்று வைக்கலாம். தட்டின் இன்சர்ட் (தட்டை மட்டும் காட்டும் ஷாட்) வைத்தும் தாண்டலாம், ஆனால் அது கண்ணை மறக்கடிக்கும் அளவுக்கு மட்டும்தான், அடுத்து மொத்த இடமும் தெரியும் வைட் ஷாட் ஒன்று வைத்து இடத்தைத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும்.

எடிட்டர் ஒருவர் · 15 ஜூன், மாலை 5.00

ரீஷூட்டுக்குப் போகிறவர்களுக்கு எடிட் மேசையிலிருந்து. எந்த வசனத்தின் எந்த வார்த்தையில் தோசை பிய்க்கிறார், எந்த வார்த்தையில் வாயில் வைக்கிறார் என்று உதவி இயக்குநர் ஸ்கிரிப்டில் குறிக்கட்டும். பிய்க்கும் அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டு தெரியாது. அதற்கு மாஸ்டரிலும் குளோஸிலும் கை ஒரே வார்த்தையில் அசைந்திருக்க வேண்டும். ஒரே ஆளின் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குப் போகும்போது கோணம் 30 டிகிரிக்குக் குறையாமல் மாறட்டும், அல்லது அளவு தெளிவாக மாறட்டும். ரெண்டும் இல்லையென்றால் ஆள் நின்ற இடத்தில் துள்ளுவார்.

தோசைக் கணக்கு: மூன்று செட்டப் (கேமரா வைக்கும் இடம்), தலா நான்கு டேக், இரண்டு தட்டு. 24 தோசை. பத்து நிமிடத்தில் ஓரம் காய்ந்து சுருண்டு நிறம் மாறும், அதனால் டேக்குக்கு முன் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள். டேக் தொடங்கும் முன் தட்டை மேலிருந்து போனில் ஒரு படம் எடுங்கள், சட்னி எந்தப் பக்கம், சாம்பார் எதுவரை என்பது அதில் இருக்கும். நடிகர்களைச் சின்ன வாயாகப் பிய்க்கச் சொல்லுங்கள், பெரிய வாய் என்றால் வசனம் குழறும்.

கேட்டவர் · 18 ஜூன், இரவு 11.05

மாஸ்டரும் அண்ணனும் அடுப்படிப் பக்கமிருந்து எடுத்தாயிற்று. தங்கையின் பழைய ஷாட்டோடு அப்படியே பொருந்துகிறது, வெளிச்சமும்தான். மிச்சம் ஒன்று. அம்மா குனிந்து தோசை வைக்கும் ஷாட்டுக்குப் பிறகு அண்ணன் குளோஸுக்கு வெட்டினால் ஏதோ இடறுகிறது.

18 ஜூன், இரவு 11.30

அம்மா நிமிர்ந்து முடித்த பிறகு வெட்டுகிறீர்கள். அவர் கண் 150க்குப் போய்விட்டது, அண்ணன் இன்னும் 115ஐப் பார்க்கிறார். நிமிரத் தொடங்கிய நாலாவது பிரேமில் வெட்டுங்கள், அண்ணன் தலையை மேலே தூக்கும் துண்டிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் பார்வை ஏறும்போது அம்மாவும் எழுந்துவிட்டார் என்று ஆகிவிடும்.